எஸ்.எஸ். வெஸ்லி: ஐந்து ஆலயங்கள், ஒரே சண்டை

கேள்வி இது: தமிழ்ச் சபைகளின் ஞானப்பாட்டுப் புத்தகமான பாமாலையில் "சபையின் அஸ்திபாரம்" என்ற பாட்டுக்கு மெட்டமைத்தவர் எஸ்.எஸ். வெஸ்லி என்கிறார்களே, மெதடிஸ்ட் வெஸ்லி வேறு, இவர் வேறா? பெரிய ஆர்கனிஸ்ட் (ஆலயத்தில் குழல் ஆர்கன் வாசிப்பவர்) என்றால் ஏன் ஊர் ஊராக வேலை மாறிக்கொண்டே இருந்தார்? அவர் பாடல்களில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

வேறு ஆள்தான், ஆனால் அதே குடும்பம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தம்பி சார்ல்ஸ், ஆயிரக்கணக்கில் ஞானப்பாட்டு எழுதியவர். சார்ல்ஸின் மகன் சாமுவேல் வெஸ்லி, இங்கிலாந்தில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பெயர் பரவக் காரணமானவர்களில் ஒருவர். அந்தச் சாமுவேலின் மகன்தான் நீங்கள் கேட்கும் சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லி. பெயரின் முதல் பாதி அப்பாவுடையது, இரண்டாம் பாதி யோகான் செபாஸ்டியன் பாக்கிடமிருந்து வந்தது. 1810 ஆகஸ்ட் 14 அன்று லண்டனில் பிறந்தார். சாமுவேல் மனைவியைப் பிரிந்து, வீட்டில் வேலைக்கு இருந்த சாரா சூட்டருடன் வாழ்ந்தபோது பிறந்த பிள்ளை. அந்தக் காலத்து இங்கிலாந்தில், அதுவும் ஆலய வட்டாரத்தில், இது லேசான விஷயமில்லை. பின்னாளில் அவர் எதற்கெடுத்தாலும் சீறியதற்கு இதையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. மீதிப் பாதி அவருடைய சம்பளச் சீட்டிலும் பாடகர் குழுவின் வருகைப் பதிவிலும் இருக்கிறது.

சிறுவனாக அரச ஆலயத்தின் பாடகர் குழுவில் சேர்ந்தார். அங்கே பையன்களுக்குப் பொறுப்பு வில்லியம் ஹாஸ். இவர் ஆலயத்தோடு நிற்காமல் லைசியம் நாடக அரங்கில் இசைப் பொறுப்பும் பார்த்தவர். அந்த வழியாக வெஸ்லியும் இருபது வயதுக்கு முன்பே ஓப்பெரா அரங்கில் கோரஸை நடத்தும் வேலைக்குப் போனார். ஞாயிறு ஆலயத்தில், வார நாளில் நாடகக் கொட்டகையில். ஜெர்மன் ஓப்பெரா இசையமைப்பாளர்களான வேபரும் ஷ்போரும் காதில் ஏறியது அங்கேதான். அவருடைய ஆலயப் பாடல்களில் திடீரென்று வரும் இடி போன்ற ஆர்கன் சுரக்கூட்டும், பேசுவதுபோல நகரும் ஒற்றைக் குரல் பகுதிகளும் அந்தக் கொட்டகையின் வாசனை. அக்காலப் பெரியவர்களுக்கு உறுத்தியதும் அதுதான்.

1832இல் ஹெரிபோர்ட் பேராலயத்தில் ஆர்கனிஸ்ட். வயது 22. பழுது பார்த்த ஆர்கனைத் திறக்க அந்த நவம்பரில் ஒரு ஆந்தம் எழுதினார். ஆந்தம் என்றால் சபையார் சேர்ந்து பாடாத, பாடகர் குழு மட்டும் வேதவசனத்தைப் பாடுகிற பெரிய உருப்படி. ஏசாயா 35: "வனாந்தரமும் வறண்ட நிலமும் மகிழ்ந்து" என்று தொடங்கி "சஞ்சலமும் தவிப்பும் ஓடிப்போம்" என்று முடிகிற அதிகாரம். பேஸ் என்ற தாழ்ந்த ஆண்குரல் தனியாகப் பாடும் நடுப்பகுதியில், ஆர்கனில் காலால் வாசிக்கும் பெடல் கட்டைகளுக்குத் தனி ஓட்டம் கொடுத்திருக்கிறார். அன்று இங்கிலாந்தில் பாதி ஆர்கன்களில் பெடலே கிடையாது. இருந்தவற்றிலும் பல, கைப்பலகையின் அடிக் கட்டைகளைக் கயிறு கட்டி இழுப்பவைதான், தனிக் குழல் வரிசை இல்லை. அதில் இப்படி எழுதுவது, கையில்லாதவனை மோதிரம் போடச் சொல்வதுபோலத்தான். அடுத்த வருஷம் இதையே ஆலய இசைக்கான கிரெஷாம் பரிசுப் போட்டிக்கு அனுப்பினார். நடுவர்களில் ஒருவரான ஆர்.ஜே.எஸ். ஸ்டீவன்ஸ், சாமர்த்தியமான வேலைதான், ஆனால் இது பேராலய இசை இல்லை என்று ஒதுக்கிவிட்டார். பரிசு கிடைக்கவில்லை, பாட்டு இன்றும் பாடப்படுகிறது.

இனி அவருடைய முழு வாழ்க்கையையும் ஒரே உருப்படியில் காட்டுகிற இடத்துக்கு வருகிறேன். ஹெரிபோர்ட்டில் பெரியவர்கள் பாடும் குரல்கள் எல்லாம் குருப்பட்டம் பெற்றவர்களுடையவை. அவர்களுக்குச் சுற்று வட்டாரத்தில் சொந்தச் சபைகள் உண்டு. ஈஸ்டர் என்றால் அவரவர் சபைக்குப் போய்விடுவார்கள். 1833, 34 வாக்கில் ஒரு ஈஸ்டருக்கு மிஞ்சியது சிறுவர்களும் ஒரே ஒரு பேஸ் குரலும். அந்த பேஸ், டீன் (பேராலயத்தின் தலைமைக் குரு) வீட்டு பட்லர் என்பது வழிவழியாக வரும் செய்தி. வெஸ்லி ஒப்பாரி வைக்கவில்லை. இருக்கிற குரலை அளந்து 1 பேதுரு முதல் அதிகாரத்துக்கு இசை அமைத்தார். "இயேசு கிறிஸ்துவின் பிதாவாகிய தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று அமைதியாகத் தொடங்கும். நடுவில் சகோதர அன்பைச் சொல்லும் வசனத்தை ஒரு சிறுவன் தனியாகப் பாட, மற்றச் சிறுவர்கள் பதில் சொல்வார்கள். "மாம்சமெல்லாம் புல்லைப்போலவும்" என்பதை ஆண்குரல் மட்டும் தாழ்ந்த இடத்தில், கிட்டத்தட்டப் படிப்பதுபோலச் சொல்லும். புல் உலர்ந்தது, பூவும் உதிர்ந்தது, குரல் அடங்குகிறது. அப்போது முழு ஆர்கனில் ஒரே ஒரு சுரக்கூட்டு வெடிக்கும். உடனே "கர்த்தருடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்" என்று எல்லோரும்.

இந்த இடத்தில்தான் பாதிக் குழுக்கள் சறுக்குகின்றன. ஆர்கனிஸ்ட் பயந்துபோய் ஸ்டாப்புகளை (குழல் வரிசைகளைத் திறக்கும் இழுப்பான்கள்) ஒன்றிரண்டாக இழுத்தால் அது வெறும் சத்தக் கூடுதலாகிவிடும். பேஸ் வரி முடிவதற்கு முன்பே அழுத்திவிட்டால் உதிர்ந்த பூவுக்கு மரியாதை இல்லை. ஆலயத்தின் எதிரொலி அடங்கும்வரை காத்திருந்து, தயாராக வைத்த ஸ்டாப்புகளோடு ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். எட்டு நிமிஷத்துக்கு உள்ளே முடியும் இந்த ஆந்தத்துக்கு உயிர்நிலை அந்த ஒரு நொடி. இன்னொன்று: சிறுவர்களுக்காக எழுதிய தனிக்குரல் பகுதியை நம் ஊரில் பெண்கள் பாடும்போது அதிர்வைக் கூட்டி உருக வேண்டாம். நேரான குரல்தான் அதற்கு அழகு.

1835இல் ஹெரிபோர்ட் டீன் மெரிவெதரின் தங்கை மேரி ஆன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அதே வருஷம் எக்சிட்டர் பேராலயத்துக்கு மாறினார். 1839இல் ஆக்ஸ்போர்டில் இசை முனைவர் பட்டம் வாங்கினார். ஆனால் பேராலய நிர்வாகக் குருக்களுடன் ஓயாத உரசல். அவர்களைக் கேட்காமல் லண்டனுக்குப் போகிறார், பயிற்சியை மாணவர் கையில் விடுகிறார் என்பது அவர்கள் பக்கக் குறை. குழுவுக்கு ஆள் போடமாட்டேன் என்கிறார்கள், ஆர்கனைச் சரிசெய்யக் காசில்லை என்கிறார்கள் என்பது இவர் பக்கம். பாடகச் சிறுவர்கள் இருவரை அடித்ததற்கு நடவடிக்கையும் வந்தது. அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. அந்த வருஷங்களில்தான் 51ஆம் சங்கீதத்தின் "என் அக்கிரமம் நீங்க என்னை முற்றிலும் கழுவி" என்ற ஆந்தமும் உருவானது. டி மைனரில் ஒற்றை ட்ரெபிள் (சிறுவரின் உயர்ந்த குரல்) குரலாகத் தொடங்கி, அரைச் சுரம் அரைச் சுரமாக நகர்ந்து கூட்டுக் குரலாகப் பெருகும். நான்கைந்து நிமிஷம்தான். அவர் எழுதியதிலேயே குறை சொல்ல முடியாத பாட்டு எது என்று கேட்டால் நான் இதைச் சொல்வேன்.

1842இல் எடுத்த முடிவு பலருக்கும் விசித்திரமாகப் பட்டது. பேராலயத்தை விட்டுவிட்டு லீட்ஸ் என்ற தொழில் நகரத்தின் ஊர்க்கோவிலுக்குப் போனார். காரணம் எளிது. அங்கே வால்டர் ஹூக் என்ற விகார் (ஊர்ச்சபையின் குரு) புதிய ஆலயம் கட்டி, பேராலயம்போலத் தினமும் இசையோடு ஆராதனை நடத்தச் சம்பளம் வாங்கும் குழுவை வைத்திருந்தார். நிதி ஊர்க்காரர்களின் சந்தா. வெஸ்லிக்கு வருஷம் 200 பவுண்டு, பத்து வருஷத்துக்கு உறுதி. அங்கேதான் ஆராதனைக்கான முழுத் தொகுப்பான ஈ மேஜர் சர்வீஸ் முடிந்தது. மார்ட்டின் காவுட் என்ற இரும்பு ஆலை முதலாளி எழுதச் சொன்னது. பிறகு உரிமை யாருக்கு என்று அவரோடும் தகராறு. 1845இல் அச்சானபோது அதற்கு எழுதிய முன்னுரையில் இங்கிலாந்தின் பேராலய நிர்வாகங்களையே ஒரு பிடி பிடித்தார்.

மீன் பிடிப்பதில் வெறி. 1847 டிசம்பரில் யார்க்ஷயரில் மீன் பிடிக்கப் போன இடத்தில் கால் முறிந்து ஹெல்ம்ஸ்லியில் ஒரு விடுதியில் மாதக்கணக்கில் படுத்துவிட்டார். அடுத்து எழுதிய ஆந்தத்தில் "நீர் நொறுக்கின எலும்புகள் களிகூரும்" என்ற வரி இருக்கிறது. அதில் "நொறுக்கின" என்ற இடத்தில் சுரங்கள் ஒன்றோடொன்று உரசும். தற்செயலா, வேண்டுமென்றா என்று சிரித்துக்கொண்டே பேசுவார்கள்.

1849இல் லீட்ஸை விட்டு வின்செஸ்டர் பேராலயம். மகன்கள் ஐந்து பேர். அவ்வூர்ப் பள்ளியில் படிக்க வைக்கலாம் என்ற கணக்கும் உண்டு. அதே வருஷம் அவர் வெளியிட்ட துண்டுப் பிரசுரம்தான் அவருடைய வாதத்தின் சாரம். பேராலய இசை ஏன் சீரழிந்தது, எப்படிச் சரிசெய்வது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தினமும் குறைந்தது 12 ஆண்குரல். ஏன் 12? ஆங்கிலப் பேராலயத்தில் குழு எதிரெதிராக இரண்டு பக்கம் உட்காரும். ஒவ்வொரு பக்கமும் ஆல்டோ, டெனர், பேஸ் என்று மூன்று குரல், சிறுவர்கள் ட்ரெபிள். ஒரு குரலுக்கு ஒருவர் என்றால் ஆறு பேர் போதும்போலத் தோன்றும். ஆனால் ஒருவருக்குத் தொண்டை கட்டினால் அந்தப் பக்கத்தில் ஒரு குரலே காணாமல் போகும். தனிக்குரல் பகுதிக்கும் முழுக்குழுப் பகுதிக்கும் வித்தியாசமும் இருக்காது. ஒரு குரலுக்கு இருவர் என்றால் 2 × 3 × 2. இதற்கு மேல் வராதவர்களுக்கு மாற்றாக மூன்று பேர் வேண்டும் என்றார். அன்று பல பேராலயங்களில் இதில் பாதிகூட இல்லை. இருந்தவர்களும் வேறு தொழில் பார்த்துக்கொண்டு வந்தவர்கள், வயதாகி குரல் போன பிறகும் இடத்தை விடாதவர்கள். பாடகர்களுக்கு வயிறு நிரம்பும் சம்பளம், பயிற்றுவிக்க ஒரு இசைக் கல்லூரி, ஆர்கனிஸ்டைத் தேர்ந்தெடுப்பதில் இசை தெரிந்தவர்களுக்குப் பொறுப்பு என்று பட்டியல் நீள்கிறது. உடனே எதுவும் நடக்கவில்லை.

அவருடைய ஆந்தங்கள் பன்னிரண்டை 1853இல் ஒரே தொகுதியாக அச்சிட்டார். இதில் ஆர்கன் பகுதி முழுதாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய வழக்கத்தில் அடிச்சுரமும் அதன் மேல் எண்களும் மட்டும் இருக்கும், மீதியை வாசிப்பவர் நிரப்பிக்கொள்வார். வெஸ்லியிடம் அது செல்லாது. அவர் எழுதிய சுரத்தை மாற்றினால் குரல்களின் உரசல் கெட்டுவிடும்.

ஆர்கன் கட்டுமானத்தில் அவர் கை பட்ட இடம் இரண்டு. ஒன்று ஜெயித்தது, ஒன்று தோற்றது. ஜெயித்தது பெடல் பலகை. 1851 லண்டன் கண்காட்சியில் ஷுல்ட்சே என்ற ஜெர்மானியர் குழிந்த பெடல் பலகையைக் காட்டினார். இரண்டு ஓரக் கட்டைகளும் சற்று உயர்ந்து, கால் எட்டும்படி இருக்கும். அதோடு கட்டைகள் இணையாக ஓடாமல் வாசிப்பவரின் இருக்கைப் பக்கம் குவிந்து, எதிர்ப்பக்கம் விசிறிபோல விரிய வேண்டும் என்பது வெஸ்லியின் யோசனை. ஆர்கன் கட்டுநரான ஹென்றி வில்லிஸ் அதைச் செய்தார். இடுப்பைத் திருப்பாமலே ஓரக் கட்டைகளைத் தொட முடிகிறது. இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 30, 32 கட்டைகளுள்ள பெடல் பலகைக்கு இதுதான் வழக்கமான வடிவம். ஜெர்மனியில் கட்டைகள் இணையாக ஓடும் பலகைக்கே இன்றும் ஆதரவு அதிகம். ஒன்றில் பழகியவர் மற்றதில் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிஷம் பக்கத்துக் கட்டையைத்தான் மிதிப்பார்.

தோற்றது சுருதி. லிவர்பூல் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில் வில்லிஸ் கட்டிய நூறு ஸ்டாப் ஆர்கனுக்கு வெஸ்லிதான் ஆலோசகர். 1855 மே மாதம் திறப்பு வாசிப்பும் அவரே. அதை எல்லா அரைச் சுரமும் ஒரே அளவாக இருக்கும் சமச் சுருதியில் வைக்கக் கூடாது, பழைய மீன்டோன் முறைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மீன்டோனில் ச-க இடைவெளி சுத்தமாக 386 சென்ட் (சமச் சுருதியின் ஒரு அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). சமச் சுருதியில் அதுவே 400. நீண்டு நிற்கும் ஆர்கன் ஒலியில் அந்த 14 சென்ட் அலை அலையாகத் துடிப்பது கேட்கும். அதனால் அவர் ஆசை புரிகிறது. ஆனால் விலை உண்டு. மீன்டோனில் ஒரு கறுப்புக் கட்டைக்கு ஒரு வேலைதான். ஈ ஃப்ளாட்டுக்கு இசைத்த கட்டையை டி ஷார்ப்பாகப் பயன்படுத்த முடியாது. ஈ மேஜரின் பஞ்சமத்தில் எழும் பி மேஜர் கூட்டுக்கு டி ஷார்ப் வேண்டும். அங்கே ஈ ஃப்ளாட்டை அழுத்தினால் இடைவெளி 427 சென்ட், பல் கூசும். அதாவது அவருடைய சொந்த ஈ மேஜர் சர்வீஸை அவர் விரும்பிய சுருதியில் வாசித்தால் வரிக்கு வரி அடிபடும். இந்த முரணை அவர் எப்படிச் சமாளித்தார் என்று யோசித்தால், மீன்டோனை அப்படியே கறாராக வைக்காமல் கொஞ்சம் தளர்த்தி இசைப்பது அன்று இங்கிலாந்தில் சகஜம், அது ஓரளவு காப்பாற்றியிருக்கும். லிவர்பூல் ஆர்கன் 1867இல் சமச் சுருதிக்கு மாற்றப்பட்டது. அதைத் தினமும் வாசித்த டபிள்யூ.டி. பெஸ்ட் மற்றவர்களின் வாத்தியக்குழு இசையை ஆர்கனுக்கு மாற்றி வாசிப்பவர். அவருக்கு எல்லா ஆதார சுருதியும், மேஜரும் மைனரும், தேவைப்பட்டது.

வின்செஸ்டரில் பதினாறு வருஷம். அங்கேயும் வராத நாள்களைப் பற்றிப் புகார், அங்கேயும் மீன் தூண்டில். ஆனால் "நீர் அவனைப் பூரண சமாதானத்துடன் காத்துக்கொள்வீர்" என்ற ஐந்து குரல் ஆந்தம் அந்தக் காலத்தது. இத்தனை சண்டைக்காரர் இவ்வளவு சாந்தமாக எழுதினார் என்பதை நம்ப முடியாது. 1865இல் குளோஸ்டர் பேராலயத்தில் ஆர்கனிஸ்ட் இடம் காலியானது. விண்ணப்பித்தவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்று இவரைக் கேட்டார்கள். கடைசியில் அந்த வேலையை இவரே எடுத்துக்கொண்டார். அங்கே குளோஸ்டர், ஹெரிபோர்ட், வூஸ்டர் ஆகிய மூன்று பேராலயக் குழுக்களும் சேரும் இசை விழாவை நடத்தினார். 1871இல் பாக்கின் மத்தேயு பாடுகளை அந்த விழாவில் கொண்டுவந்தது அவர் காலத்தில்தான். 1873இல் பிரதமர் கிளாட்ஸ்டன், சர் பட்டமா, வருஷம் 100 பவுண்டு உதவித்தொகையா என்று கேட்டார். வெஸ்லி பணத்தைத் தேர்ந்தெடுத்தார். ஐந்து மகன்களை வளர்த்தவருக்கு அது புத்திசாலித்தனம்தான்.

இப்போது உங்கள் பாட்டு. அந்த மெட்டுக்கு ஆரேலியா என்று பெயர். 1864இல் ஒரு ஞானப்பாட்டுத் தொகுப்பில் வேறு வரிகளோடு வந்தது. எருசலேமைப் பொன் நகரமாகப் பாடும் பாட்டு அது. சாமுவேல் ஸ்டோன் என்ற இளம் குரு 1866இல் எழுதிய திருச்சபைப் பாட்டோடு 1868இல் சேர்த்து அச்சிட்டார்கள், அதன்பின் பிரிக்க முடியவில்லை. ஈ ஃப்ளாட் மேஜர். முதல் மூன்று அசையும் ஒரே சுரம், சங்கராபரணத்தின் காந்தாரம். இங்கேதான் சபையார் இழுக்கிறார்கள். ஒரே சுரம் என்பதால் நகரவில்லை என்று நினைத்து ஒவ்வொரு அசையையும் அழுத்துவார்கள், எட்டு வரிப் பாட்டு கடைசியில் ஊர்ந்து போகும். ஆர்கனிஸ்ட் அந்த மூன்று சுரத்தையும் மேல்குரலில் நன்றாகத் தொட்டு, ஒவ்வொரு முறையும் விரலை எடுத்து வாசிக்க வேண்டும், ஒட்டி இழுத்தால் எண்ணிக்கை கேட்காது. ஏழும் ஆறுமான இரண்டு வரியை ஒரே மூச்சு வாக்கியமாக நினைத்துப் பாடினால் தானாக நகரும். சந்தம் 7.6.7.6 இரட்டிப்பு. அதே சந்தத்தில் உள்ள எந்தத் தமிழ்ப் பாட்டும் அளவில் பொருந்தும், ஆனால் அழுத்தம் விழும் அசையைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

கேட்கும் வரிசை என்னுடைய ருசிப்படி: முதலில் 5ஆம் சங்கீதத்தின் "என்னை உம்முடைய நீதியிலே நடத்தி" என்று வரும் சின்னப் பகுதி. 1861இல் எழுதிய பெரிய ஆந்தம் ஒன்றின் கடைசித் துண்டு. ஒருவர் தனியாகப் பாடியதை நான்கு குரலும் திரும்பச் சொல்லும். இருபது பேர் உள்ள எந்த ஆலயக் குழுவும் ஒரு மாதத்தில் பாடிவிடலாம். அடுத்து 51ஆம் சங்கீதம், பிறகு ஐந்து குரல் சமாதானப் பாட்டு. இதில் டெனர் இரண்டாகப் பிரியும், நம் குழுக்களில் டெனர் பஞ்சம் என்பதால் இரண்டாவது டெனரை உயரம் எட்டும் பேஸுக்குக் கொடுப்பதுண்டு. அதன் பிறகு ஈஸ்டர் ஆந்தம். ஏசாயாவைக் கடைசியில் வையுங்கள். நீளம், பெடல் ஓட்டம், தனிக்குரல்கள் எல்லாம் சேர்ந்து அது நல்ல குழுவையே திணற வைக்கும்.

1876 ஏப்ரல் 19 அன்று குளோஸ்டரில் இறந்தார். ஆனால் புதைத்தது அங்கே இல்லை. எக்சிட்டரின் பழைய கல்லறையில், கைக்குழந்தையாக இறந்த மகளின் பக்கத்தில் இடம் கேட்டிருந்தார்.